வீட்டுத் தொட்டியில் நன்னீர் நத்தைகள்

வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் வைக்கப்படும் மீன்தொட்டிகளில் நத்தைகள் குடியேறுவது பெரும்பாலும் அழைப்பின்றியே நிகழ்கிறது. கடையில் வாங்கிய நீர்ச்செடியின் இலையடியில் ஒட்டியிருந்த ஒரு சிறிய பசைத்துளியிலிருந்து, சில நாட்களில் கடுகளவு நத்தைகள் வெளிவந்து கண்ணாடியின்மீது ஊரத் தொடங்குகின்றன. இரண்டு மூன்று திங்களில் அவற்றை எண்ணி முடிப்பதே அரிதாகிவிடுகிறது. இந்நிலையில் தொட்டிக்கு உரியவர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார். நத்தைகள் தொட்டியைத் தூய்மை செய்யும் என்று கேள்விப்பட்டு அவற்றை அப்படியே விட்டுவிடுகிறார். அல்லது, பொறுமை இழந்து, நீரையும் செடிகளையும் நத்தைகளையும் ஒருசேர அருகிலுள்ள குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டிவிடுகிறார். முன்னது தவறான நம்பிக்கை. பின்னது தீங்கான செயல்.

நத்தையைப்போல வகுப்பறைக்கு ஏற்ற உயிர் வேறு எளிதில் கிடைப்பதில்லை. அது ஓடி ஒளிவதில்லை, ஓசை எழுப்புவதில்லை, கண்ணாடியில் ஒட்டி ஊரும்போது தன் பாதத்தையும் வாயையும் தானே திறந்து காட்டுகிறது. ஆயினும் கால்நடைகளையும் மனிதரையும் பற்றும் சில தட்டைப்புழுக்கள் வளர்வதும் இந்த நத்தைகளின் உடலிலேதான். அன்னிய நாட்டு நத்தை ஒன்று தொட்டியிலிருந்து வெளியேறினால் வயலின் விளைச்சலையே குறைக்கக்கூடும். ஆகையால் நத்தை வளர்ப்பில் முதலாவதாகக் கவனிக்க வேண்டியது, தொட்டிக்குள் எது எவ்வழியே வருகிறது, அதிலிருந்து எது எவ்வழியே வெளியேறுகிறது என்பதாகும். உணவும் நீரும் அதற்கு அடுத்தவையே.

எந்த நத்தை?

நம் நாட்டு நன்னீர் நத்தைகளைக் கள ஊழியர் ஒருவர் பூதக்கண்ணாடியின் துணையின்றியே இரு பெரும் பிரிவுகளாகப் பிரித்துவிடலாம். நத்தையைத் தொட்டவுடன் அது உள்ளிழுத்துக்கொள்ளும்போது ஓட்டின் வாயை ஒரு மூடி அடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூடி உள்ளவை செவுளால் நீரிலுள்ள பிராணவாயுவைச் சுவாசிப்பவை. மூடி இல்லாதவை நுரையீரற் பை உடையவை. அவை அவ்வப்போது நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றை வாங்கிச் செல்லும். தொட்டியில் காற்றுக் குமிழி விடும் கருவி நின்றுபோன இரவில் எது பிழைக்கும், எது மடியும் என்பதை இந்த ஒரு வேறுபாடே பெரிதும் தீர்மானிக்கிறது.

மூடியுள்ள நத்தைகளுள் யாவரும் அறிந்தது பைலா குளோபோசா எனப்படும் வயல் நத்தை. எலுமிச்சம்பழ அளவுக்கும் அதற்கு மேலும் வளரும் இந்த உருண்டை நத்தையே நத்தைகுத்தி நாரையின் முதன்மையான இரை. இதற்குச் செவுளும் நுரையீரலும் சேர்ந்தே உள்ளன. நீரில் பிராணவாயு குறைந்தால், உடலின் இடப்புறத்திலுள்ள ஒரு மடிப்பைக் குழல்போல் நீட்டி, அதன் நுனியை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கி, உடலை முன்னும் பின்னும் அசைத்துக் காற்றை உள்ளிழுக்கும். கோடையில் குளம் வற்றும்போது சேற்றுக்குள் இறங்கி, மூடியை இறுக அடைத்துக்கொண்டு, மழை வரும்வரை பல திங்கள் உணவின்றிக் கிடக்கும். இந்திய விலங்கியல் மாணவர்களுக்கு இந்நத்தையின் உள்ளமைப்பை விரிவாக விளக்கியவர் பைனி பிரஷாத். 1932-இல் வெளிவந்த அவரது பைலா நூலைத் தழுவியே பின்னாளைய கல்லூரிப் பாடங்கள் பலவும் அமைந்தன.

பெல்லாமியா பெங்காலென்சிஸ் என்பது பச்சை கலந்த பழுப்பு ஓட்டின்மீது கரிய வரிகள் சுற்றிச் செல்லும் நடுத்தர நத்தை. வங்காளத்தில் இதனைக் குக்லி என்று அழைத்து உணவாகவும் கொள்கின்றனர். இது முட்டையிடுவதில்லை. ஓட்டுடன் கூடிய முழு வடிவக் குஞ்சுகளை ஈனுகிறது. செவுள் ஒன்றையே நம்பியிருப்பதால் அழுகிய நீரை இது பொறுப்பதில்லை. தொட்டியில் முதலில் மடிவது இதுவாயின், மற்றவற்றுக்கும் நாள் நெருங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

மூன்றாவது, ஊசிபோல் நீண்ட சுருளோடு கூடிய மெலனாய்டிஸ் டியூபர்குலேட்டா. உலகின் வெப்ப நாடுகள் பலவற்றிலும் இன்று பரவியுள்ள இந்த நத்தையை டென்மார்க்கைச் சேர்ந்த ஓட்டோ பிரெடரிக் முல்லர் 1774-இல் முதன்முதலாக விவரித்தபோது, அதன் ஊராக அவர் குறித்தது நம் சோழமண்டலக் கரையே. பகலில் மணலுக்குள் புதைந்திருந்து இரவில் வெளிவரும். ஆணின் துணையின்றியே பெண் நத்தை குஞ்சுகளை ஈனவல்லது. எனவே ஒற்றை நத்தையை வைத்திருக்கிறோம் என்று எவரும் நிம்மதி கொள்ளலாகாது. மீன்தொட்டி வாணிபத்தின் வழியே இது அமெரிக்க நாடுகளின் நீர்நிலைகளிலும் புகுந்து, அங்கே அன்னிய உயிராகக் கருதப்படுகிறது. நமக்குச் சொந்தமானது பிறர்க்குப் பகையாவதற்கும், பிறருடையது நமக்குப் பகையாவதற்கும் வழி ஒன்றே.

மூடியற்றவற்றுள் மூன்றை அறிந்திருந்தால் போதும். மெல்லிய, கூர்நுனி கொண்ட ஓடுடைய லிம்னியா. தட்டையாகச் சுருட்டிய கயிற்றுச் சுருள்போன்ற இந்தோபிளானார்பிஸ் எக்ஸஸ்டஸ். வழவழப்பான சிறு ஓடுடைய பைசா அக்யூட்டா. முதலிரண்டும் நம் குளங்களுக்கே உரியவை. பைசா வட அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவியது. இன்று நம் நகர்ப்புறச் சாக்கடைகளிலும் காணப்படுகிறது. விந்தையாக, அறிவியல் உலகுக்கு இது முதலில் அறிமுகமானது அமெரிக்காவிலிருந்து அன்று. 1805-இல் டிராபர்நோ என்பவர் பிரான்சு நாட்டில் கிடைத்த ஓடுகளைக் கொண்டே இதற்குப் பெயரிட்டார்; அதற்கு முன்னரே அது கடல் கடந்து ஐரோப்பாவில் குடியேறியிருந்தது.

லிம்னியாவையும் பைசாவையும் வேறுபடுத்துவது எளிது. ஓட்டின் கூர்நுனி மேலேயும் வாய் நம்மை நோக்கியும் இருக்குமாறு பிடித்தால், லிம்னியாவின் வாய் வலப்பக்கம் அமையும். பைசாவின் வாய் இடப்பக்கம் அமையும். இங்கு ஆசிரியர்கள் ஒரு சொற்குழப்பத்துக்கு ஆயத்தமாக இருத்தல் நலம். சங்கு விற்போர் அருமையாகக் கிடைப்பதென்று போற்றும் வலம்புரிச் சங்கு, விலங்கியலார் வழக்கில் இடஞ்சுழி ஓடாகும். சங்கைக் கூர்நுனி கீழாகப் பிடித்துப் பார்க்கும் வழக்கத்தால் நேர்ந்த மாற்றம் இது. மாணவர் ஒருவர் வீட்டுப் பூசையறைச் சங்கை நினைத்துக்கொண்டு பைசாவை வலம்புரி என்று கூறினால், அவர் தம் மரபின்படி சரியாகவே கூறுகிறார். வலம், இடம் என்பதைவிட ஓட்டைப் பிடிக்கும் முறையை முதலில் கற்பிப்பதே நன்று.

நீரும் ஓடும்

நத்தையின் ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. அதனை நத்தை நீரிலிருந்தும் உணவிலிருந்தும் பெறுகிறது. பழைய ஓடு ஒன்றின்மீது சில துளி வினிகரை விட்டால் கரியமிலவாயு நுரைத்து எழும்; ஓட்டின் தன்மையையும், புளித்த நீரில் ஓடு ஏன் கரைகிறது என்பதையும் இந்த ஒரு சோதனை விளக்கிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளிலும் மழைநீரைச் சேமித்துப் பயன்படுத்தும் இடங்களிலும் நீர் மென்மையானது. அத்தகைய நீரில் வளரும் நத்தையின் ஓட்டில், முதலில் உருவான உச்சிப் பகுதி வெண்மையாக அரிக்கப்பட்டுக் குழிகள் விழுவதைக் காணலாம். கடின நீர் கிடைக்கும் கிணற்றடியில் வளர்ந்தவற்றின் ஓடு தடித்து உறுதியாயிருக்கும். சோப்பு நன்றாக நுரைத்தால் மென்னீர், நுரைக்க மறுத்தால் கடின நீர் என்னும் வீட்டு வழக்கமே தொடக்கச் சோதனைக்குப் போதும்.

மென்னீர் உள்ள ஊர்களில் கடல்நுரை என்று நாட்டு மருந்துக் கடையில் விற்கப்படும் கணவாய் ஓட்டின் ஒரு துண்டையோ, கொதிநீரில் கழுவி நொறுக்கிய முட்டையோட்டையோ, சலவைக்கல் துண்டுகளையோ தொட்டியில் இடலாம். இவை மெல்லக் கரைந்து தேவையானதை அளிக்கும். ஆனால் நத்தைக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று கேட்டவுடன், வெற்றிலைக்கு இடும் சுண்ணாம்பையோ வெள்ளையடிக்கும் சுண்ணாம்பையோ தொட்டியில் கரைத்துவிடுவோரும் உண்டு. நீற்றிய சுண்ணாம்பு நீரின் காரத்தன்மையைத் திடீரென உயர்த்தி நத்தையையும் மீனையும் ஒருங்கே கொன்றுவிடும். பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு என்பதை இங்கு அழுத்திக் கூற வேண்டியுள்ளது.

மற்றொரு பகை செம்பு. மனிதருக்குத் தீங்கிழைக்காத சிற்றளவிலும் செம்பு நத்தைக்கு நஞ்சாகும். நத்தைகளை ஒழிக்க மயில்துத்தம் பயன்பட்டதும் இதனாலேயே. செப்புக்குடத்தில் வைத்திருந்த நீரைத் தொட்டியில் ஊற்றலாகாது. மீனுக்கு நோய் வந்தபோது ஊற்றும் மருந்துகள் சிலவற்றிலும், பாசியைக் கொல்லும் மருந்துகளிலும் செம்பு சேர்ந்திருக்கும். புட்டியின் சீட்டைப் படித்துப் பார்த்த பின்னரே அவற்றை வாங்க வேண்டும். குழாய்நீரைப் பயன்படுத்துவோர் அதனை ஒரு நாள் முழுவதும் அகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் நீங்கிவிடும். குளோரமின் கலந்து வழங்கப்படும் நகரங்களில் இம்முறை பயன்படாது; அங்கு அதற்கென விற்கப்படும் நீக்கியைச் சேர்க்க வேண்டும்.

60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உயரமும் கொண்ட தொட்டி விளிம்புவரை நிரம்பினால் 54 லிட்டர் கொள்ளும். நத்தைக்கு விளிம்புவரை நிரப்புதல் கூடாது. பைலா காற்று வாங்க மேலே இடம் வேண்டும். அத்துடன், மூடியில்லாத தொட்டியிலிருந்து அது இரவில் வெளியேறிக் காலையில் அறையின் மூலையில் உலர்ந்து கிடப்பதும் உண்டு. ஏழெட்டுச் சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, கம்பிவலையோ துளையிட்ட பலகையோ கொண்டு மூடி, அதன்மீது ஒரு கல்லை வைப்பது போதும். இத்தகைய தொட்டியில் மூன்று அல்லது நான்கு பைலாக்களுக்கு மேல் வைத்தல் சரியன்று. மெலனாய்டிசுக்கு மூன்று விரற்கடை ஆழத்துக்கு நுண்மணல் பரப்ப வேண்டும்.

இனி, தொட்டியைத் தூய்மை செய்யும் என்னும் நம்பிக்கை. நத்தையின் வாயில் நுண்பற்கள் வரிசை வரிசையாகப் பதிந்த நாடா போன்ற உறுப்பு ஒன்று உண்டு. அரத்தால் அராவுவதுபோல் அது கண்ணாடியிலுள்ள பாசியைச் சுரண்டி உண்கிறது. எனவே கண்ணாடி தெளிவடைவது உண்மைதான். ஆனால் உண்டதெல்லாம் கழிவாக அத்தொட்டிக்குள்ளேயே சேர்கிறது. நீரிலுள்ள அம்மோனியா அதனால் கூடுமேயன்றிக் குறையாது. நத்தையின் பயன் வேறிடத்தில் உள்ளது. லிம்னியாவோ பைசாவோ திடீரெனப் பெருகினால், மீனுக்கு இடும் உணவில் பெரும்பகுதி உண்ணப்படாமல் அழுகுகிறது என்பது அதன் பொருள். உணவைக் குறைத்தால் நத்தையும் குறையும். மருந்து தேவையில்லை.

நத்தைக்கென உணவிட விரும்பினால், வெந்நீரில் ஒரு நிமிடம் வாட்டிய கீரை, வெள்ளரித் துண்டு, பூசணித் தோல் ஆகியவை ஏற்றவை. மறுநாள் மீதியை எடுத்துவிட வேண்டும். பைலா பெருந்தீனி, வேலம்பாசி போன்ற செடிகளை அழகுக்காக வைத்த தொட்டியில் அதனை விடுவது ஆட்டைத் தோட்டத்தில் விடுவதற்கு ஒப்பாகும்.

தட்டைப்புழுவும் நத்தையும்

மாட்டின் கல்லீரலைப் பற்றும் தட்டைப்புழுவின் வாழ்க்கைச் சுழற்சியை 1880-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் தாமஸ் என்பவரும் ஜெர்மனியில் லூக்கார்ட் என்பவரும் தனித்தனியே கண்டறிந்தனர். புழுவின் முட்டை சாணத்தோடு நீரில் சேர்கிறது. அதிலிருந்து வெளிவரும் மிராசிடியம் என்னும் இளவுயிரி, நீந்திச் சென்று தனக்கு உரிய நத்தையின் உடலைத் துளைத்து நுழைகிறது. நத்தையினுள்ளே அது பன்மடங்காகப் பெருகி, வாலுடைய செர்க்காரியாக்களாக மீண்டும் நீரில் வெளிப்படுகிறது. அவை புல்லிலும் நீர்ச்செடியிலும் ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ள, அதனை மேயும் மாடு நோயுறுகிறது. நம் நாட்டில் இதற்கு இடந்தரும் நத்தை லிம்னியா.

இந்தோபிளானார்பிஸ் இடந்தரும் புழுக்களுள் மாட்டின் மூக்கைப் பற்றும் ஷிஸ்டோசோமா நாசேல் ஒன்று. இந்நோயுற்ற மாடு குறட்டை விடுவதுபோல் மூச்சு விடும். இப்புழுவை அன்றைய சென்னை மாகாணத்து மாடுகளிலிருந்து எடுத்து விவரித்துப் பெயரிட்டவர் எம். ஏ. என். ராவ், ஆண்டு 1933. இவ்வகைப் புழுக்களின் செர்க்காரியா புல்லில் ஒட்டிக் காத்திருப்பதில்லை. நேரே தோலைத் துளைத்து நுழைகிறது. மாட்டுக்குரிய புழு மனித உடலில் முழு வளர்ச்சி அடைவதில்லை எனினும், நுழைந்த இடத்தில் கடும் அரிப்பும் தடிப்பும் உண்டாகும். எருமை குளிக்கும் குட்டையிலும் நாற்று நடும் வயலிலும் இறங்குவோர் கால்களில் காணும் அரிப்புக்கு இதுவும் ஒரு காரணம்.

மனிதரைப் பற்றும் வகை நம் நாட்டில் அறவே இல்லை என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. அன்றைய பம்பாய் மாகாணத்தில் இரத்தினகிரி மாவட்டத்துக் கிம்வி என்னும் ஊரில் அத்தகைய நோய் நிலைத்திருப்பதை 1952-இல் காட்கில், ஷா ஆகிய மருத்துவர்கள் வெளியிட்டனர். அதற்கு இடந்தரும் நத்தையாகப் பின்னர் குறிக்கப்பட்டது பெரிசியா டெனுயிஸ். சில மில்லிமீட்டரே அளவுள்ள, சிறு குல்லாய் கவிழ்த்ததுபோன்ற ஓடுடைய உயிர். நீர்ச்செடியோடு ஒட்டி வந்தால் நத்தை என்றே எவரும் அதனை எண்ணமாட்டார்.

குளத்து நத்தையைச் சிறுவர் வெறுங்கையால் பொறுக்கி வருவதும், அதனைத் தண்ணீர் குடிக்கும் குவளையில் போட்டு வைப்பதும் ஏன் கூடாது என்பது இதனால் விளங்கும். நத்தை சேகரிக்கச் செல்லும் ஊழியர் முழங்கால் வரையுள்ள ரப்பர்க் காலணியும் கையுறையும் அணிந்து, நீண்ட பிடியுள்ள வலையையோ இடுக்கியையோ பயன்படுத்த வேண்டும். கால்நடைகள் இறங்கும் துறையைத் தவிர்த்தல் நலம்.

சேகரித்த நத்தை தொற்றுடையதா என்று ஓரளவு அறியலாம். ஒவ்வொரு நத்தையையும் தனித்தனிக் கண்ணாடிக் குழாயில், குளோரின் நீங்கிய தெளிந்த நீரில் இட்டு, காலை வெளிச்சத்தில் சில மணி நேரம் வைக்க வேண்டும். பின்னர்க் குழாயைக் கரிய துணிக்கு எதிரே பிடித்துப் பூதக்கண்ணாடியால் நோக்கினால், தொற்றுடைய நத்தையின் நீரில் வெண்மையான நுண்துகள்கள் துடித்து நீந்துவது தெரியும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிலவற்றின் வால் நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். அந்த நீர் கையில் படலாகாது. சோதனை முடிந்ததும் குழாயில் கொதிநீரை ஊற்றி அழித்துவிட வேண்டும். ஒருமுறை எதுவும் வெளிப்படவில்லை என்பதால் நத்தை தூயது என்று முடிவு செய்ய இயலாது. புழு உள்ளே வளர்ந்துகொண்டிருக்கலாம்.

இச்சோதனை கால்நடைத் துறையினருக்கு உரியது. பள்ளிக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி உண்டு. மிராசிடியம் துளைத்து நுழைந்தாலன்றி நத்தைக்குத் தொற்று ஏற்படுவதில்லை. தாயிடமிருந்து முட்டை வழியே அது சேய்க்குச் செல்வதில்லை. ஆகையால் ஆசிரியர் தொட்டிக்குத் தேட வேண்டியது நத்தையை அன்று, முட்டையை. லிம்னியாவின் முட்டைகள் நீண்ட கண்ணாடிபோன்ற பசைக் கட்டிக்குள் வரிசையாக அமைந்து, இலையின் அடியில் ஒட்டியிருக்கும். அந்த இலையை நறுக்கி எடுத்துத் தூய நீரில் பலமுறை அலசி, வேறோர் உயிரும் இல்லாத பாத்திரத்தில் வைத்தால், அதில் பிறந்து வளரும் நத்தைகளைக் குழந்தைகள் கையாளலாம். கையாண்ட பின் சோப்பிட்டுக் கை கழுவுதல் அப்போதும் வேண்டும். குஞ்சு ஈனும் பெல்லாமியாவுக்கும் மெலனாய்டிசுக்கும் இம்முறை பொருந்தாது. அவற்றைக் கால்நடையும் பறவையும் நெருங்காத தொட்டிகளில் பல தலைமுறையாக வளர்த்து வருவோரிடமிருந்து பெறுவதே நன்று.

வகுப்பறையில் காணத்தக்கவை

முட்டையிலிருந்து தொடங்குவதால் பாதுகாப்போடு பாடமும் கிடைக்கிறது. லிம்னியாவின் முட்டைக் கட்டி ஒளி ஊடுருவக்கூடியது. எளிய மைக்ராஸ்கோப்பின்கீழ் அதனை நாள்தோறும் வைத்தால், ஒற்றைப் புள்ளி இரண்டாய், நான்காய்ப் பிரிவதையும், சில நாட்களில் கருவுயிர் தன் உறைக்குள் மெல்லச் சுழல்வதையும், பின்னர்க் கண்ணின் கரும்புள்ளிகள் தோன்றுவதையும், மெல்லிய ஓட்டின் ஊடே இதயம் துடிப்பதையும் மாணவர் தாமே காண்பர். வெப்பநிலையைப் பொறுத்து ஓரிரு வாரங்களில் குஞ்சுகள் வெளிவந்துவிடும். கோழி முட்டையை உடைத்துக் காட்டும் பாடத்தில் ஓர் உயிர் ஒரு நாளோடு முடிகிறது. இங்கு அதே உயிரைத் தொடக்கம் முதல் பின்தொடரலாம். என் கருத்தில், விலையுயர்ந்த படச்சுருள்கள் எவையும் இதற்கு ஈடாகா.

இந்தோபிளானார்பிசின் குருதி சிவப்பு. நம் குருதியில் உள்ளதுபோல ஹீமோகுளோபின் அதில் இருப்பதே காரணம். பிராணவாயு குறைந்த சேற்றுக் குட்டைகளில் அது வாழ முடிவதற்கு இது துணைபுரிகிறது. பைலாவின் குருதியிலோ செம்பு கலந்த வேறு பொருள் உள்ளது. குருதியில் செம்பு உடைய உயிருக்கு நீரிலுள்ள செம்பு நஞ்சாவது ஏன் என்று மாணவர் கேட்பர். இயற்கை அதனைப் புரதத்தோடு பிணைத்து அளவோடு வைத்திருக்கிறது. நீரில் கரைந்த செம்பு அவ்வாறு கட்டுப்பட்டதன்று, உடலின் உப்புச் சமநிலையையே குலைத்துவிடும்.

பைலாவின் மூச்சைக் கணக்கிடுவதும் நல்ல பயிற்சி. கொதிக்கவைத்து ஆறிய நீரில் பிராணவாயு குறைவு. அத்தகைய நீரில் அரைமணி நேரமும், நன்கு கலக்கிய சாதாரண நீரில் அரைமணி நேரமும் அதனை வைத்து, எத்தனை முறை குழலை மேலே நீட்டுகிறது என்று எண்ணி ஒப்பிடலாம். நுரையீரல் உள்ளதால் அதற்குக் கேடு வராது; பெல்லாமியாவை இச்சோதனைக்கு உட்படுத்தலாகாது.

அன்னிய நத்தைகள்

வில்லியம் பென்சன் என்பவர் இந்திய நத்தைகள் பலவற்றை முதன்முதலாக விவரித்த அறிஞர். அவரே 1847-இல் மொரீஷியசிலிருந்து ஆப்பிரிக்கப் பெருநத்தைகள் சிலவற்றைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அவை அங்கே ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. இன்று தென்கோடி வரை தோட்டப் பயிர்களை அழித்துவரும் அந்நத்தை நம் நாட்டில் காலூன்றிய கதை அதுவே. நத்தையைப் பற்றி அன்று அவரைவிட அதிகம் அறிந்தவர் இந்நாட்டில் சிலரே இருந்திருப்பர். அது நிலத்து நத்தையாயினும் நீர் நத்தைக்கும் கதை வேறன்று.

தென் அமெரிக்காவைச் சேர்ந்த பொமேசியா கானாலிகுலேட்டா 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உணவுக்காக வளர்க்கும் நோக்குடன் தைவானுக்குக் கொண்டுவரப்பட்டது. சந்தையில் அதனை விரும்புவோர் இல்லை. கைவிடப்பட்ட நத்தைகள் வாய்க்கால்களில் பரவி நாற்றுகளைத் தின்னத் தொடங்கின. பிலிப்பைன்ஸ், ஜப்பான், தாய்லாந்து, வியட்நாம் முதலிய நெல் விளையும் நாடுகள் பின்னர் இதனால் பெரிதும் இடருற்றன. ஸ்பெயினின் எப்ரோ ஆற்றுக் கழிமுகத்து நெல்வயல்களில் இவ்வின நத்தைகள் புகுந்ததைத் தொடர்ந்து, பொமேசியா இனம் முழுவதையும் ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் தடைசெய்தது. பொமேசியாவின் வேறொரு வகை, மஞ்சளும் நீலமும் ஊதாவுமான ஓடுகளோடு, நம் நகரங்களின் மீன்தொட்டிக் கடைகளில் அழகுப்பொருளாக விற்கப்படுகிறது. விற்பவரும் வாங்குபவரும் இரு வகைகளையும் பிரித்தறிவது அரிது. நிறத்தை நம்புவது பேதைமை.

நம் பைலாவிலிருந்து பொமேசியாவைப் பிரித்தறிவதோ எளிது. கள ஊழியர் ஒவ்வொருவரும் இதனை அறிந்திருத்தல் வேண்டும். பைலாவின் மூடி சுண்ணாம்பேறித் தடித்துக் கல்போல் இருக்கும்; பொமேசியாவினது நகம்போல் மெலிந்து வளையும். பைலா கரையோரத்து ஈரமண்ணில் குழி அமைத்து வெண்ணிற முட்டைகளை, ஓரிடத்தில் 200 முதல் 800 வரை, இட்டு வைக்கும். பொமேசியா நீர்மட்டத்துக்கு மேலே செடித்தண்டிலும் மதகுச் சுவரிலும் கொத்தாக முட்டையிடும். வயலை அழிக்கும் வகையின் முட்டைகள் பளிச்சென்ற இளஞ்சிவப்பு நிறம் உடையவை. வயலோரத்தில் இளஞ்சிவப்பு முட்டைக்கொத்து எங்கேனும் தென்பட்டால், படம் எடுத்து, இடமும் நாளும் குறித்து, வேளாண்மைத் துறைக்கு உடனே தெரிவிக்க வேண்டும். கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு 1916 முதல் இயங்கிவரும் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் வழியே நத்தையின் இனத்தை உறுதி செய்துகொள்ளலாம்.

தொட்டியைக் கலைக்கும்போது

கோடை விடுமுறையில் பள்ளித் தொட்டியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமற் போவது வழக்கம். அப்போது நத்தைகளைக் குளத்தில் விட்டுவிடுவது இரக்கமான செயலாகத் தோன்றும். கடையிலிருந்து வந்தவையாயின் அதனால் விளைவதை மேலே கண்டோம். அதே குளத்திலிருந்து எடுத்த நாட்டு நத்தையாயினும், கடைமீன்களோடும் கடைச்செடிகளோடும் ஒரே நீரில் வாழ்ந்தபின் அது பழைய நத்தையன்று. ஒட்டில் பைசாவின் முட்டையும், உடலில் வேறு நோயும் ஏற்றுச் செல்லலாம். விடுமுறைக்கு முன்னரே அக்கறையுள்ள மற்றொரு பள்ளிக்கோ வளர்ப்பவருக்கோ கொடுத்துவிடுவது முதல் வழி. பைலாவை மட்டும் வைத்திருப்போர் அதன் இயல்பையே பயன்படுத்தலாம். ஈரச் சேறு நிரப்பிய மண்தொட்டியில் அதனை விட்டு நிழலில் மெல்ல உலரவிட்டால், அது உள்ளே இறங்கி மூடிக்கொள்ளும். பள்ளி திறந்தபின் நீர் ஊற்றினால் பெரும்பாலும் எழுந்துவிடும். மூடி இறுகியிருக்கும் நத்தையை இறந்ததென்று எறிந்துவிடக் கூடாது. இறந்ததன் மூடி தளர்ந்து தொங்கும், நாற்றமும் ஐயத்துக்கு இடம் வைக்காது.

மிஞ்சிய நத்தைகளை அழிக்க வேண்டிவந்தால் கொதிநீரில் இடுவதே விரைவானது. மருந்துகளால் அவை நெடுநேரம் துன்புறும். தொட்டி நீரைச் சாக்கடையில் ஊற்றாமல், நீர்நிலைக்குத் தொலைவிலுள்ள காய்ந்த நிலத்தில் ஊற்ற வேண்டும். செடிகளை வெயிலில் பரப்பிச் சருகாகும்வரை உலர்த்தியபின் எருக்குழியில் இடலாம். மணலையும் அவ்வாறே உலர்த்துக. மெலனாய்டிஸ் ஈரமணலில் பல நாள் உயிரோடிருக்கும். புதிதாக வாங்கும் செடிகளை இரண்டு மூன்று வாரம் தனிப் பாத்திரத்தில் வைத்து இலையடிகளைப் பார்த்த பின்னரே தொட்டியில் நடுவதாயின், இவ்வேலையின் பெரும்பகுதி நேராமலே போகும்.

வெந்நீரில் இட்ட நத்தையின் தசையை வளைந்த ஊசியால் வெளியே எடுத்துவிட்டு, ஓட்டைக் கழுவி நிழலில் உலர்த்தி, மூடியிருப்பின் அதனையும் பஞ்சில் ஒட்டி உடன் வைத்தால் பள்ளி அருங்காட்சிப் பெட்டிக்குச் சேர்ந்துவிடும். சீட்டில் நத்தையின் பெயர் பிழையாக இருப்பினும் பின்னர்த் திருத்திக்கொள்ளலாம். எடுத்த குளத்தின் பெயரும் நாளும் எழுதப்படாத ஓட்டினால் எவருக்கும் பயனில்லை.